ஓடும் வீடும் ஊரிலிருக்கும் அம்மாவும்

வெளிநாட்டில் பிள்ளைகள் வாழும் குடும்பங்கள் எமது நாட்டில் ஏராளம். அக்குடும்பங்களில் தொலைபேசி என்பது வெறும் கருவி அல்ல. பிள்ளை சுகமாக இருக்கிறது என்பதற்கு அன்றாடம் கிடைக்கும் சாட்சி அது. பிள்ளை ஒரே முகவரியில் இருக்கும்வரை இது இலகு. பிள்ளை வீட்டையே சக்கரத்தின் மேல் ஏற்றிக்கொண்டு நாடு விட்டு நாடு போகும்போது என்ன செய்வது?

2024ஆம் ஆண்டு கோடையில், தென் ஜேர்மனியில் வசிக்கும் எனது அக்காவின் குடும்பத்தோடு மூன்று வாரங்கள் அவ்வாறு பயணம் செய்யும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. வடமராட்சியில் அம்மாவைச் சின்னம்மாவின் பொறுப்பில் விட்டுச் சென்றிருந்தேன். அப்பயணத்தில் கண்டவற்றுள் எமது வாசக சகோதரிகளுக்குப் பயன்படக்கூடியவற்றை இங்கே பகிர்ந்துகொள்கிறேன்.

வீட்டு வாகனம்

படுக்கை, அடுப்பு, குளிர்சாதனப் பெட்டி, சிறிய கழிவறை ஆகிய அனைத்தும் அடங்கிய வாகனத்தை ஜேர்மனியில் 'வோன்மொபில்' என்கிறார்கள். நாம் வீட்டு வாகனம் என்போம். 3.5 தொன்னுக்கு மேற்படாத வாகனமாயின் சாதாரண கார் ஓட்டும் அனுமதிப்பத்திரமே அங்கு போதுமானது. வாடகைக்கு எடுத்த வாகனத்தில் அக்கா, அத்தான், பெறாமக்கள் இருவர், நான் என ஐந்து பேர். ஜேர்மனியிலிருந்து சுவிற்சர்லாந்து வழியாக இத்தாலிக்கும், அங்கிருந்து கப்பலில் சார்டினியாத் தீவுக்கும் செல்வது எங்கள் திட்டம்.

விசாவுக்கு ஒரு நிலம், தொலைபேசிக்கு வேறு நிலம்

ஐரோப்பிய ஒன்றிய நாடொன்றின் சிம் அட்டையை வைத்திருப்பவர், ஒன்றியத்தின் வேறு நாட்டுக்குச் சென்றாலும் தன் நாட்டுக் கட்டணத்திலேயே பேசலாம், இணையமும் பாவிக்கலாம். 2017 ஜூன் 15 முதல் இவ்விதி நடைமுறையில் உள்ளது. 2022இல் இது மேலும் பத்து வருடங்களுக்கு நீடிக்கப்பட்டது. நோர்வே, ஐஸ்லாந்து, லீக்டென்ஸ்டைன் ஆகிய நாடுகளும் இதில் அடங்கும். இணைய அளவுக்கு மட்டும் சில வரையறைகள் உண்டு.

ஆனால் சுவிற்சர்லாந்து ஒன்றியத்தில் இல்லை. ஷெங்கன் விசா பெற்றவர் ஜேர்மனியிலிருந்து சுவிஸுக்குள் வேறு விசா இன்றிப் போகலாம். தொலைபேசிக்கோ அந்த எல்லை ஒரு மதில் போன்றது. சில கொம்பனிகள் தமது ஒப்பந்தத்தில் சுவிஸையும் தாமாகவே சேர்த்துள்ளன, சில சேர்க்கவில்லை. சேர்க்காத இடத்தில் வந்த அழைப்பை எடுத்தாலும் காசு. பிரித்தானியாவில் உள்ள உறவினர்களும் இதைக் கவனிக்க வேண்டும். அந்நாடு ஒன்றியத்தை விட்டு விலகிய பின்னர், அங்குள்ள கொம்பனிகள் ஐரோப்பாவில் பாவிப்பதற்குத் தனிக் கட்டணம் அறவிடச் சட்டத்தில் தடையில்லை.

இன்னொரு விடயம். இச்சலுகை ஒன்றியத்துக்குள் மட்டும்தான். ரோமில் நின்றுகொண்டு யாழ்ப்பாணத்துக்குச் சாதாரண அழைப்பு எடுத்தால் அது சர்வதேச அழைப்பே. எனவே இணையம் வழியாக வட்ஸ்அப் போன்றவற்றில் பேசுவதே எமக்கு ஏற்றது.

ஒரு நாள் மௌனம்

பாசல் எல்லையைத் தாண்டியதும் அத்தானின் தொலைபேசிக்குக் கட்டண விபரத்துடன் ஒரு குறுஞ்செய்தி வந்தது. அவருடைய ஒப்பந்தத்தில் சுவிஸ் இல்லை. உடனே எல்லோருடைய டேட்டாவையும் நிறுத்தச் சொன்னார். அன்றே இத்தாலிக்குள் போய்விடலாம் என்பது அவருடைய கணக்கு. ஆனால் 16.9 கிலோமீற்றர் நீளமான கொத்தார்ட் சுரங்கப் பாதைக்கு முன்னால் விடுமுறைக் காலத்து வாகன வரிசை அசையாமல் நின்றது. ஊரி மாநிலத்து மலைப் பள்ளத்தாக்கில், ஒரு காம்பிங் திடலில் இரவைக் கழித்தோம். அங்கிருந்த வைஃபை அலுவலக வாசல் மட்டுமே எட்டியது. நாங்கள் சென்றபோது அலுவலகமும் பூட்டியிருந்தது.

மறுநாள் மதியம், இத்தாலிப் பக்கத்தில் மஜ்ஜோரே ஏரிக்கரையில் டேட்டாவைப் போட்டபோது அக்காவின் தொலைபேசியில் பதினேழு தவறிய அழைப்புகள். அம்மா இரவு சாப்பிடவில்லை, காலையில் சீனி வருத்தத்துக்கான குளிசையும் போடவில்லை. சின்னம்மா கனடாவிலுள்ள மாமாவை எழுப்பியிருக்கிறார். மாமா பாரிஸில் உள்ள மச்சாளுக்கு எடுத்திருக்கிறார். மூன்று நாடுகளில் எங்களைத் தேடியிருக்கிறார்கள்.

அக்கா அழுதழுது பேசி முடித்த பின்னர் அம்மா என்னிடம் சொன்னது இதுதான்: "உங்களில பிழை இல்லைப் பிள்ளை. சத்தம் ஒண்டும் இல்லையெண்டால் எனக்கு வேற ஞாபகமெல்லாம் வருது."

அந்த வேறு ஞாபகம் எதுவென வடக்கு, கிழக்கில் வாழ்ந்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. தொலைபேசி இணைப்புகள் வருடக்கணக்கில் அறுந்திருந்த காலத்தைக் கண்டவர்கள் எமது தாய்மார். சமூக சேவையாளர் என்ற வகையில் நான் சந்திக்கும் பல தாய்மாருக்கும் மௌனம் என்பது வெறுமை அல்ல. அது ஒரு கெட்ட செய்தியின் முதல் பாதி. ஐரோப்பாவில் சிக்கனத்துக்காக நிறுத்தப்படும் ஒரு டேட்டா, ஊரில் ஒரு தாயின் இரத்த அழுத்தத்தை ஏற்றிவிடுகிறது.

யாருடைய வேலை?

இன்னொன்றையும் நான் அவதானித்தேன். வாகனத்தை அத்தான் ஓட்டினார். தொலைபேசியை 'ஓட்டியவர்' அக்கா. அன்றிரவு தங்குமிடம் பதிவு செய்வது, அம்மாவுக்குச் சொல்வது, மாமியாருக்குச் சொல்வது, குழந்தைகளின் பாடசாலைக்குப் பதில் அனுப்புவது அனைத்தும் அவர் தலையில். உறவுகளைத் தொடர்பில் வைத்திருப்பது ஒரு வேலை, அதுவும் பெண்களிடம் தானாக வந்து சேரும், கூலியோ பெயரோ இல்லாத வேலை என்பதைச் சமூகவியலில் படித்திருக்கிறேன். அந்த வேலைக்கு விடுமுறையும் இல்லை என்பதை அந்த வாகனத்தில்தான் பார்த்தேன்.

ஏரிக்கரையில் அன்று மாலை குடும்பமாக இருந்து கதைத்தோம். மூன்று முடிவுகள் எடுத்தோம். முதலாவது, ஒரே நேரம். இலங்கையில் இரவு 8 மணி; ஐரோப்பாவில் கோடை காலத்தில் அது மாலை 4.30. அதற்கு முன்னர் வாகனத்தை நிறுத்திவிட வேண்டும். இரண்டாவது, ஆள் முறை. அத்தான், மூத்த பெறாமகள், நான், அக்கா என ஒவ்வொரு நாளும் ஒருவர் பொறுப்பு. மூன்றாவது, மௌனத்தை முன்கூட்டியே அறிவிப்பது. நாளை தொடர்பு இருக்காது என்றால் அதை இன்றே சொல்லிவிடுவது.

ஜெனோவாத் துறைமுகத்தில் சார்டினியாக் கப்பல் ஏறுமுன் அத்தானே அம்மாவுக்கு எடுத்தார். "மாமி, இரவு முழுக்கக் கடலிலதான். ஃபோன் வேலை செய்யாது. நாளைக் காலமை உங்கட பத்து, பதினொரு மணியைப் போல எடுப்பம்." அன்றிரவு அம்மா நன்றாக நித்திரை கொண்டதாகச் சின்னம்மா சொன்னார். அதுவும் ஒரு இரவு மௌனம்தான். ஆனால் சொல்லிவிட்டு வந்த மௌனம்.

கைகொடுக்கும் சில குறிப்புகள்

* புறப்படுமுன், போகும் ஒவ்வொரு நாட்டுக்கும் உங்கள் தொலைபேசி ஒப்பந்தம் செல்லுமா என்று பாருங்கள். வழியில் கடக்கும் நாட்டையும் மறவாதீர்கள்.

* எல்லையோரத்தில் தொலைபேசி தானாகவே அயல்நாட்டு வலையமைப்பைப் பிடித்துக்கொள்ளும். ஜேர்மனிக் கரையில் நின்றாலும் சுவிஸ் கட்டணம் விழலாம். அவ்விடங்களில் வலையமைப்பை நீங்களே தெரிவு செய்யுங்கள்.

* கப்பல் கரையை விட்டு விலகியதும் தொலைபேசியை விமானப் பயன்முறையில் போடுங்கள். நடுக்கடலில் கப்பலின் செய்மதி இணைப்பைப் பிடித்தால் கட்டணம் மிக அதிகம். மேற்சொன்ன ஒன்றிய விதி அதற்குப் பொருந்தாது.

* இலங்கையிலிருந்து செல்பவர்கள் தமது சிம் அட்டையைக் கழற்றி வைத்துவிட்டால் வங்கி அனுப்பும் இரகசிய இலக்கங்கள் கிடைக்காது. இரண்டு சிம் போடக்கூடிய தொலைபேசி அல்லது இ-சிம் இதற்கு உதவும். றோமிங் வசதியைப் புறப்படுமுன் இங்கேயே செயற்படுத்தி, அதன் டேட்டாவை மட்டும் நிறுத்தி வையுங்கள்.

* ஜேர்மனியில் 2017 முதல் முற்கொடுப்பனவு சிம் வாங்கவும் அடையாள ஆவணம் காட்ட வேண்டும். கடவுச்சீட்டைக் கையோடு கொண்டு செல்லுங்கள்.

* அலுமினியத் தகடு போர்த்த வாகனத்துக்குள் சமிக்ஞை குறையும். யன்னல் அருகே அல்லது வெளியே நின்று பேசிப் பாருங்கள். தொலைபேசிகளை வாகனம் ஓடும்போதே மின்னேற்றிக்கொள்ளுங்கள்.

* ஐரோப்பிய ஒன்றிய நாடுகள் அனைத்திலும் அவசர அழைப்பு இலக்கம் 112. அது இலவசம். சுவிஸிலும் அதே இலக்கம் வேலை செய்யும். பிள்ளைகளுக்கும் சொல்லிக் கொடுங்கள்.

ஊரில் இருப்பவர்களுக்கு

இறுதியாக, இங்கே காத்திருக்கும் சகோதரிகளுக்கும் ஒரு வார்த்தை. பயணம் போகும் பிள்ளையிடம் "எந்த நேரமும் எடு" என்று கேட்காதீர்கள். அது வண்டி ஓட்டுபவரையும் பதற்றப்படுத்தும், உங்களையும் மணிக்கு மணி காக்க வைக்கும். "எத்தனை மணிக்கு எடுப்பாய்?" என்று கேளுங்கள். அந்த நேரம் தவறினால் எவ்வளவு பொறுப்பது, பிறகு யாருக்கு எடுப்பது என்பதையும் கேட்டு, இலக்கங்களோடு ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். குளிசையை மட்டும் எவருடைய அழைப்புக்காகவும் பிற்போடாதீர்கள்.

அலைவரிசை மலைக்குப் பின்னால் மறையும், பற்றரி இறங்கும், பணம் முடியும். இவற்றை எம்மால் முழுமையாகத் தடுக்க முடியாது. ஆனால் போகிறவர் சொல்லிவிட்டுப் போவதும், இருக்கிறவர் கேட்டு வைத்துக்கொள்வதும் ஒரு சதமும் செலவில்லாதவை. அடுத்த விடுமுறைக்கு உங்கள் பிள்ளைகள் எங்காவது புறப்படுவதாயின், பயணப் பொதியைக் கட்டுமுன் இதைப் பற்றி ஒரு பத்து நிமிடம் அவர்களோடு கதையுங்கள்.