கொழுந்தும் கொதிநீரும்

கோலா தெர்லாத் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைக்குக் கொழுந்து புதுப்பொருளன்று. ஆயினும், பச்சைக் கொழுந்து கருந்தேயிலை ஆவது எங்ஙனம் என வினவின், 'ஆலையில் வறுப்பார்கள்' என்று விடை வருதல் கூடும். அதைத் தவறென்று சொல்லிவிடுவது எளிது. பிள்ளையே கண்டறியச் செய்வதன்றோ அறிவியற் பாடம்!

காலையில் மூன்று கொழுந்துகள் போதும். ஒன்றைத் தொடாமல் வைத்திடுக. மற்றொன்றைச் சாறு கசியக் கசக்குக. மூன்றாவதை ஆசிரியர் கொதிநீரின் ஆவியில் இரண்டொரு நிமிடம் காட்டி, ஆறியபின் கசக்கத் தருவார்.

நிறம் மாறும்வரை சும்மா இருக்க வேண்டுவதில்லை. அக்கொதிநீரில் வெப்பமானியை வைத்துப் பார்க்கலாம். (காய்ச்சல் பார்க்கும் கருவி இதற்கு ஆகாது, 42 பாகைக்கு மேல் அளவில்லை, உடைந்தும் போகும்.) நீர் 100 பாகை செல்சியசில் கொதிக்கும் என்பது நூல். ஏறத்தாழ 1,440 மீட்டர் உயரமுள்ள தானா ராத்தாவிலோ 95 பாகை அளவிலேயே கொதித்துவிடும். கோலா தெர்லாவிலும் நூறு எட்டாது. இங்கேதான் ஆசிரியர் விழிப்பாயிருத்தல் வேண்டும். கண்டதை விடுத்து '100' என்றெழுதும் மாணவன் உண்டு. 'கருவி பழுது' என்று கூறிவிடும் ஆசிரியரும் உண்டு. நூலும் பொய்யன்று, கண்ணும் பொய்யன்று. அந்த நூறு, கடல் மட்டக் காற்றழுத்தத்திற்கு உரியது. உயரம் 300 மீட்டர் கூடினால் கொதிநிலை ஏறக்குறைய ஒரு பாகை குறையும். மலையில் பருப்பு வேகத் தாமதிப்பதும் இதனாலேயே.

நண்பகலில் கொழுந்துகளை நோக்கினால், வெறுமனே கசக்கியது பழுப்பேறியிருக்கும். ஆவி கண்டது பச்சை மாறாதிருக்கும். இலையின் நுண்ணறைகளில் துவர்ப்புப் பொருளும் நொதியும் தனித்தனியே உள்ளன. கசக்கும்போது அவை கலந்து, காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து நிறம் மாறுகின்றன. வெப்பம் நொதியைச் செயலிழக்கச் செய்யும். 95 பாகையே அதற்குப் போதும். பச்சைத் தேயிலை செய்வதும் இவ்வாறே. ஆலையில் இந்நிறமாற்றத்தைப் 'புளிக்க வைத்தல்' என்பர். மாவைப் புளிக்கச் செய்யும் நுண்ணுயிர்கட்கு இதில் வேலையில்லை. பழகிய சொல் நின்றுவிட்டது.

மலேசியத் தமிழ்ப் பள்ளிகளில் 2003 முதல் அறிவியல் ஆங்கிலத்தில் கற்பிக்கப்பட்டது. அத்திட்டத்தைக் கைவிட 2009இல் முடிவாயிற்று. கொழுந்து, துவர்ப்பு, கசக்குதல் ஆகியவை வீட்டில் வழங்கும் சொற்கள். அவற்றைக் கொண்டு கேள்வி கேட்கும் பிள்ளை, 'நொதி' என்னும் புதுச்சொல் ஒன்றையே கற்க வேண்டியிருக்கும்.

தொடாமல் வைத்த கொழுந்து என்னவாயிற்று? மறுநாள் வாடிக் கிடக்கும். காம்பைக் கிள்ளிய இடம் மட்டும் கறுத்திருக்கும். அங்கு மட்டும் ஏன் என்பதை மாணவரே கூறட்டும்.