தோள்பட்டை சொல்லும் கதை

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இது தெரிந்த சங்கதி. விடியற்காலைப் பெரட்டுக்கு வந்து நிற்கிறவர்களைத் தூரத்தில் இருந்து பார்த்தாலே போதும். இவர் பால் வெட்டுகிறவர், இவர் கங்காணி, இவர் கிராணி, அதோ வருகிறவர் துரை என்று சொல்லிவிடலாம். உடுப்பே ஆளைக் காட்டிக் கொடுத்துவிடும். பட்டாளத்திலும் அப்படித்தான். அங்கே ஒருவரின் தரத்தைச் சொல்வது அவருடைய தோளில் இருக்கும் பட்டை.

தபால்தலையும் பழைய நாணயமும் சேர்ப்பதுபோல, பட்டாளச் சின்னங்களைச் சேர்க்கும் ஆசை இப்போது நம் பிள்ளைகள் சிலருக்கும் வந்திருக்கிறது. நல்ல பழக்கம்தான். ஆனால் ஈப்போவில் பழைய சாமான் விற்கும் இடத்தில் ஒருவர் ஜெர்மன் தோள்பட்டை ஒன்றை எடுத்துக் காட்டி, "தம்பி, இது நேதாஜி பட்டாளத்தில் இருந்த ஒரு தோட்டத்துத் தாத்தா போட்டிருந்தது" என்று சொன்னால் என்ன செய்வீர்கள்? நேதாஜி பெயரைக் கேட்டதுமே கை சட்டைப் பைக்குப் போய்விடும். கொஞ்சம் பொறுங்கள். முதலில் இதைப் படியுங்கள்.

ஒரு தலைவர், இரண்டு படைகள்

சுபாஷ் சந்திர போஸ் 1941-ல் ஜெர்மனி போய்ச் சேர்ந்தார். வட ஆப்பிரிக்கப் போர்முனையில் சிறைபட்ட இந்தியச் சிப்பாய்களையும், ஜெர்மனியில் இருந்த இந்திய மாணவர்கள் சிலரையும் கொண்டு அங்கே ஒரு படை உருவானது. அவர்கள் ஜெர்மன் ராணுவ உடுப்பையும் ஜெர்மன் தோள்பட்டையையும் அணிந்தார்கள். அவர்களுக்கென்று இருந்த தனி அடையாளம் கைப்புறத்தில் தைத்த ஒரு கேடயச் சின்னம். காவி, வெள்ளை, பச்சை நிறத்தின்மேல் பாயும் புலி. அதற்கு மேலே 'சுதந்திர இந்தியா' என்று ஜெர்மன் மொழியில் எழுதியிருக்கும்.

1943 பிப்ரவரியில் நேதாஜி நீர்மூழ்கிக் கப்பலில் புறப்பட்டு, ஜூலையில் சிங்கப்பூரில் இந்திய தேசிய ராணுவத்தின் தலைமையை ஏற்றார். அக்டோபர் 21-ல் சுதந்திர இந்திய அரசை அறிவித்தார். நம் தோட்டங்களில் இருந்து ஆயிரக்கணக்கானவர்கள் சேர்ந்தது இந்தப் படையில்தான். கேப்டன் லட்சுமி தலைமையில் அமைந்த ஜான்சி ராணிப் படையில் தோட்டத்துப் பெண்களும் துப்பாக்கி பிடித்தார்கள்.

ஜெர்மனியில் இருந்த படை ஐரோப்பாவிலேயே இருந்துவிட்டது. மலாயாப் பக்கம் வரவில்லை. மலாயாவில் இருந்தவர்கள் பெரும்பாலும் உடுத்தியது பிரிட்டிஷ்காரன் விட்டுப்போன காக்கி. ஆகவே 'தோட்டத்துத் தாத்தா போட்டிருந்த ஜெர்மன் பட்டை' என்ற கதை நிற்காது. பட்டை அசலாகவே இருந்தாலும் கதை போலி.

பட்டையைப் படிக்கும் விதம்

பழகிக்கொள்வதற்கு ஜெர்மன் பட்டை நல்ல பாடம். இரண்டாம் உலகப் போர்க்காலத்து ஜெர்மன் தரைப்படைக்கு ஒழுங்கான விதிகள் இருந்தன.

முதலில் பட்டை எதனால் ஆனது என்று பாருங்கள். வெறும் துணி, ஓரத்தில் மட்டும் வண்ணக் கரை என்றால் சாதாரணச் சிப்பாய். துணியைச் சுற்றி வெள்ளிநிற நாடா தைத்திருந்தால் நம் ஹவில்தார் போன்ற தரம். அந்த நாடா தோள்முனைப் பக்கம் மூடாமல் விட்டிருந்தால் அந்த வகையில் கீழ்த்தரம். முழுதும் சுற்றியிருந்தால் அதற்கு மேல். அதன்மேல் நான்கு மூலைக் குமிழ் ஒன்று, இரண்டு, மூன்று என்று ஏற ஏறத் தரமும் ஏறும்.

துணி தெரியாமல் வெள்ளிக் கயிறுகள் பக்கம் பக்கமாக நேராகப் படுத்திருந்தால் அதிகாரி. குமிழ் இல்லையென்றால் இளைய லெப்டினன்ட், ஒன்று இருந்தால் மூத்த லெப்டினன்ட், இரண்டு இருந்தால் கேப்டன். அதே கயிறு சடைபோலப் பின்னியிருந்தால் மேஜர், லெப்டினன்ட் கர்னல், கர்னல். தங்கமும் வெள்ளியும் சேர்ந்த பின்னலுக்கு அடியில் சிவப்புத் துணி இருந்தால் அது ஜெனரலுடையது.

அடுத்தது கரையின் நிறம். அது பிரிவைச் சொல்லும். வெள்ளை காலாட்படை, சிவப்பு பீரங்கிப்படை, ரோஜா நிறம் டாங்கிப்படை, கறுப்பு பொறியாளர், நீலம் மருத்துவப் பிரிவு.

அசலா, போலியா?

உலகத்தில் அதிகமாகப் போலி செய்யப்படும் பட்டாளச் சின்னங்களில் ஜெர்மன் சாமான்கள் முன்னணியில் நிற்கின்றன. அதனால் அவசரப்படாதீர்கள். பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். தோளில் தைத்துக் கழற்றியதானால் பழைய தையல் துளைகள் இருக்கும். மாட்டிக் கழற்றும் வகையானால் அடியில் ஒரு நாக்கு இருக்கும். பொத்தான் துளையைச் சுற்றித் தேய்ந்திருக்கிறதா? வெயில் பட்ட மேல்பக்கம் வெளுத்து, மறைந்த அடிப்பக்கம் நிறம் கெடாமல் இருக்கிறதா? எல்லாப் பக்கமும் ஒரேமாதிரி அழுக்கேறியிருந்தால் சந்தேகப்படுங்கள்.

கள்ள நோட்டுப் பார்க்கும் ஊதா விளக்கும் உதவும். அந்த வெளிச்சத்தில் நூல் பளீரென்று நீலவெள்ளையாக மின்னினால், பிற்காலத்து நூலாக இருக்கலாம். ஆனால் பழைய பட்டையைச் சோப்புத்தூளில் துவைத்திருந்தாலும் அப்படி மின்னும். ஒரே சோதனையை நம்பித் தீர்ப்புச் சொல்லாதீர்கள்.

நம் வீட்டுப் பெட்டி

இவ்வளவும் பழகிய கண்ணோடு, அம்மாவிடம் கேட்டு வீட்டுப் பழைய இரும்புப் பெட்டியைத் திறந்து பாருங்கள். அங்கே ஜெர்மன் பட்டை கிடைக்காது; அதைவிடப் பெரியது கிடைக்கலாம். இந்திய வரைபடம் பொறித்த சின்னம் இருந்தால் நன்றாக உற்றுப் பாருங்கள். ஒற்றுமை, நம்பிக்கை, தியாகம் என்று பொருள்படும் மூன்று உருதுச் சொற்கள்தான் இந்திய தேசிய ராணுவத்தின் முழக்கம்.

பித்தளையில் எழுத்து மட்டும் இருந்தால் அது பிரிட்டிஷ் இந்தியப் படையின் தோள் சின்னமாக இருக்கலாம். 1941 டிசம்பர் 30 முதல் 1942 ஜனவரி 2 வரை நம் கம்பாரில் ஜப்பானியரைத் தடுத்து நின்றவர்களில் இந்தியச் சிப்பாய்களும் இருந்தார்கள். கிரீடம் பொறித்திருந்தால் அதன் உச்சியைப் பாருங்கள். வளைந்து குவிந்திருந்தால் அரசர் காலம். நடுவில் பள்ளம் விழுந்திருந்தால் 1952-ல் எலிசபெத் ராணி பட்டத்துக்கு வந்த பிறகு. 1948 முதல் 1960 வரை நடந்த அவசரகாலத்துச் சாமான்களில் இரண்டு வகையும் வரும்.

குத்துவிளக்கைத் துலக்குவதுபோல் புளி போட்டுத் தேய்க்காதீர்கள். வயதும் கூடவே போய்விடும். துணிப் பட்டையைத் துவைக்காதீர்கள். சுத்தமான வெள்ளைப் பருத்தித் துணியில் சுற்றி, ஈரம் படாத இடத்தில் வையுங்கள். பழைய தோட்டா, குண்டு எதுவும் கண்ணில் பட்டால் தொடாமல் போலீசுக்குச் சொல்லுங்கள்.

கடைசியாக ஒன்று. 1943-ல் பதினெட்டு வயதாக இருந்தவருக்கு இன்று நூறு வயதை ஒட்டியிருக்கும். அவரிடம் கேட்க முடியாவிட்டாலும், அவர் பிள்ளைகள் இருக்கிறார்கள். ரப்பர் போய்ச் செம்பனை வந்தது; பல தோட்டங்களில் வீடமைப்புத் திட்டம் வந்துவிட்டது. லயத்தைக் காலி செய்த அன்று பழைய இரும்புக்காரரிடம் போன பெட்டிகள் எத்தனையோ!

ஆகவே யார் போட்டது, எந்தத் தோட்டம், எந்த வருஷம், யார் சொன்னது என்று ஒரு தாளில் எழுதி, சின்னத்தோடு சேர்த்து வையுங்கள். பெயர் இல்லாத பித்தளைக்குச் சந்தையில் சில வெள்ளி கிடைக்கும். பெயரோடு இருக்கும் பித்தளை உங்கள் பேரப் பிள்ளைக்கு, தன் பாட்டன் யார் என்று சொல்லும்.