ஒழுகும் கூரைக் கண்ணாடி: வாளியை வையுங்கள், காலை வைக்காதீர்கள்!



மதியம் மூன்று மணிக்கு வானம் கறுத்து மழை கொட்ட ஆரம்பித்தால், நம் லயத்து வீடுகளில் முதலில் கேட்கும் சத்தம் இடிச் சத்தமல்ல. "அந்த வாளியைக் கொண்டா, குசினியிலே சொட்டுது!" என்ற சத்தம்தான். எங்கே சொட்டுகிறது என்று அண்ணாந்து பார்த்தால், பத்து வீட்டில் பாதி வீட்டிலாவது கூரையில் வெளிச்சத்துக்காகப் போட்ட கண்ணாடித் தகட்டின் ஓரமாகத்தான் இருக்கும்.

நாம் கண்ணாடி என்று சொன்னாலும் அது பெரும்பாலும் கண்ணாடி அல்ல. கண்ணாடி நார் கலந்த தகடு, அல்லது பாலிகார்பனேட் என்னும் பிளாஸ்டிக் தகடு. லயத்து வீடுகள் ஒட்டி ஒட்டிக் கட்டப்பட்டவை. நடு அறைக்கும் குசினிக்கும் பக்கத்து ஜன்னல் கிடையாது. அதனால் தகரக் கூரைக்கு நடுவில் வெளிச்சம் விடுகிற தகடு ஒன்றோ இரண்டோ போட்டு வைத்தார்கள். தோட்டத்தை விட்டுத் தாமான் வீட்டுக்குப் போனவர்களும் பின்கட்டுக்குக் கூரை போடும்போது இதே தகட்டைத்தான் போடுகிறார்கள்.

கூரை ஒழுகுவதற்கும் உடல்நலப் பகுதிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். சம்பந்தம் உண்டு. ஒழுகுகிற தண்ணீர் யாரையும் உடனே கொன்றுவிடாது. அதை நிறுத்துவதற்காக மேலே ஏறுகிறோமே, அதுதான் ஆளைக் கொல்லும்.

கால் வைத்தால் என்ன ஆகும்?

காலையில் மரம் வெட்டி, பால் எடுத்து, ஸ்டோரில் ஊற்றிவிட்டு வந்தவர் சாப்பிட்டு முடித்ததும் ஏணியை எடுக்கிறார். கையில் ஒரு டப்பா தார், ஒரு துண்டுத் துணி. "எதுக்கப்பா மேலே ஏறுறே?" என்று வீட்டில் கேட்டால், "ரெண்டு நிமிஷ வேலைதானே" என்கிறார்.

மேலே போனபின் தகரம் எது, கண்ணாடி எது என்று தெரிவதில்லை. பல வருஷத்துத் தூசியும் பாசியும் காய்ந்த இலையும் மூடி இரண்டையும் ஒரே நிறமாக்கி வைத்திருக்கும். சில வீடுகளில் போன தடவை பூசிய பெயிண்டும் தாரும் சேர்ந்து அடையாளமே இல்லாமல் செய்துவிடும்.

புதுத் தகட்டையும் ஆள் நடந்து போகிற பாதையாக நினைக்கக் கூடாது. பத்துப் பதினைந்து வருஷம் வெயிலில் காய்ந்த தகட்டைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். வெயில் அதன் மேல்பூச்சைத் தின்று, நார் வெளியே தெரிந்து, மஞ்சளாகி, அப்பளம் போல நொறுங்கும் நிலைக்கு வந்திருக்கும். மரக்கிளையாவது முறிவதற்கு முன் சத்தம் கொடுக்கும். இது கொடுக்காது. கால் பட்ட அந்த நொடியே ஆள் கீழே இருப்பார். கீழே சிமெண்டுத் தரை, அடுப்பு, மேசை முனை.

கூரையில் உள்ள வெளிச்சத் தகட்டின் வழியாக விழுந்து இறப்பது, பல நாடுகளில் வேலையிடப் பாதுகாப்பு அதிகாரிகள் திரும்பத் திரும்ப எச்சரிக்கும் ஒரு விபத்து. "நான் பார்த்து நடப்பேன்" என்பது அங்கே உதவாது. இடுப்பு ஒடிந்து படுத்துவிட்டால் மறுநாள் பெரட்டுக்குப் போவது யார்? செம்பனைக் குலை வெட்டுவது யார்? குடும்பத்தைக் காப்பது யார்?

ஆகையால் முதல் விதி இது: கண்ணாடித் தகட்டின் மேல் நிற்காதீர்கள், உட்காராதீர்கள், ஊன்றிக் கை வைக்காதீர்கள். பழைய ஆஸ்பெஸ்டாஸ் கூரையாக இருந்தால் கூரை முழுவதுமே அப்படித்தான். ஆணி வரிசையைப் பார்த்து மிதித்தால் தாங்கும் என்பதும் தப்பு நம்பிக்கை.

யாராவது விழுந்துவிட்டால்

உடனே தூக்கி உட்கார வைக்காதீர்கள். கழுத்தெலும்போ முதுகெலும்போ முறிந்திருந்தால், தூக்குகிற அவசரத்திலேயே கைகால் விளங்காமல் போய்விடக்கூடும். அசையாமல் படுக்க வைத்து 999-க்குக் கூப்பிடுங்கள். இரத்தம் வழிந்தால் சுத்தமான துணியால் அழுத்திப் பிடியுங்கள். குடிக்க எதுவும் கொடுக்காதீர்கள்.

தலையில் அடிபட்டவர் எழுந்து உட்கார்ந்து, "ஒண்ணுமில்லே, தேத்தண்ணி குடுங்க" என்று சொன்னாலும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். மூளைக்குள் இரத்தம் கசிவது சில மணி நேரம் கழித்தே தெரியவரலாம். வாந்தி, தூக்கக் கலக்கம், உளறல், அதிகமாகிக்கொண்டே போகும் தலைவலி ஆகியவை ஆபத்தின் அறிகுறிகள்.

வாளித் தண்ணீரில் ஏடிஸ்

சொட்டுகிற இடத்தில் வாளி வைப்பது சரி. வைத்துவிட்டு மறப்பது சரியல்ல. டிங்கிக் காய்ச்சலைப் பரப்பும் ஏடிஸ் கொசுவுக்குச் சாக்கடைத் தண்ணீர் தேவையில்லை. தெளிந்த மழைத் தண்ணீர்தான் அதற்குப் பிடிக்கும். முட்டை கொசுவாக ஏழு முதல் பத்து நாள் போதும். அதன் முட்டை ஈரம் காய்ந்தாலும் மாதக்கணக்கில் சாகாமல் ஒட்டிக்கொண்டிருக்கும். ஆகவே தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது. மழை நின்றதும் வாளியின் உள்பக்கத்தைத் தேய்த்துக் கழுவிக் கவிழ்த்து வையுங்கள். கூரைப் பீலியில் இலை அடைத்துத் தண்ணீர் தேங்கினால் அங்கேயும் கொசு முட்டையிடும். வீட்டில் கொசுப் புழு இருந்தால் அபராதம் விதிக்க 1975-ஆம் ஆண்டுச் சட்டமே இருக்கிறது.

வீட்டில் யாருக்காவது கடும் காய்ச்சலும் கண்ணுக்குப் பின்னால் வலியும் உடம்பு வலியும் வந்தால் கிளினிக்கில் காட்டுங்கள். ஆஸ்பிரின் வகை மாத்திரை கொடுக்க வேண்டாம். இரத்தக் கசிவை அது அதிகப்படுத்தும். காய்ச்சல் இறங்கும் நேரம்தான் ஆபத்து அதிகம். அப்போது வயிற்று வலி, ஓயாத வாந்தி, ஈறில் இரத்தம், மிகுந்த சோர்வு கண்டால் காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

ஈரம், மின்சாரம், இருட்டு

நாள்பட ஈரம் ஊறிய சுவரிலும் பலகையிலும் கறுப்பாகப் பூஞ்சணம் பூக்கும். ஈரமும் பூஞ்சணமும் உள்ள வீட்டில் இருப்பவர்களுக்கு இருமல், இழுப்பு, ஆஸ்துமா அதிகம் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2009-இல் வெளியிட்ட வழிகாட்டியில் சொல்லியிருக்கிறது. சின்னப் பிள்ளைகளும் வயதானவர்களும்தான் இதில் முதலில் பாதிக்கப்படுவார்கள்.

ஒழுகும் தண்ணீர் விளக்கு, சுவிட்சு, வயர் பக்கம் போனால் ஈரக் கையோடு தொடாதீர்கள். சுவிட்சுப் பெட்டி காய்ந்த இடத்தில் இருந்தால் மெயினை அணைத்துவிட்டு, வயர்மேனைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

சிலர் தொல்லையே வேண்டாம் என்று கண்ணாடியைத் தகரம் போட்டு மூடிவிடுகிறார்கள். ஒழுகல் நின்றுவிடும், சரிதான். ஆனால் குசினி பகலிலும் குகையாகிவிடும். கத்தி எங்கே, கொதிக்கிற சட்டி எங்கே என்று தடவ வேண்டி வரும். ஈரமும் லேசில் காயாது. பழுது பார்ப்பதுதான் வழி, இருட்டாக்குவது வழியல்ல.

ஏன் ஒழுகுகிறது?

வெயிலில் எல்லாத் தகடும் விரியும், இரவில் சுருங்கும். பாலிகார்பனேட் தகடு இரும்புத் தகரத்தைப் போல ஐந்து மடங்குக்கு மேல் விரியும். திருகாணிக்கு இறுக்கமாகத் துளை போட்டிருந்தால் தகடு நகர இடமில்லாமல் துளையைச் சுற்றி விரிசல் விடும். ஆணிக்குக் கீழே இருக்கும் ரப்பர் வாஷர் வெயிலில் வெடித்துவிடும். மேல் தகடும் கீழ்த் தகடும் ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருக்கும் அளவு குறைவாக இருந்தால், காற்றோடு அடிக்கும் மழை அதன் வழியே ஏறி உள்ளே வரும். மேற்குக் கரையில் விடியற்காலையில் அடிக்கும் சுமத்திராக் காற்றில் இதை நன்றாகப் பார்க்கலாம்.

ஒழுகும் இடம் வேறு, சொட்டும் இடம் வேறு என்பதையும் மறக்கக் கூடாது. தண்ணீர் தகட்டின் அடியில் ஓடி, குறுக்குச் சட்டத்தில் முட்டி, பிறகுதான் சொட்டும். ஓட்டை அதற்கு மேலேதான் இருக்கும். கூரை ஏறாமலே அதைக் கண்டுபிடிக்கலாம். நல்ல வெயில் நேரத்தில் உள்ளே நின்று பார்த்தால் ஊசிமுனை வெளிச்சமும் கறையும் தெரியும். தெரியாவிட்டால், ஒருவர் வெளியே தரையில் நின்றபடி ரப்பர் குழாயால் கூரையின் கீழ் ஓரத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக மேல்நோக்கித் தண்ணீர் அடிக்கட்டும். இன்னொருவர் உள்ளே பார்க்கட்டும். குழாய் அடிப்பதற்கு முன் அந்தப் பக்கத்து மின்சாரத்தை அணைத்துவிடுங்கள். மழையே இல்லாத காலையில் தகட்டின் அடியில் முத்து முத்தாக நீர் நின்று சொட்டினால் அது ஒழுகல் அல்ல. சமையல் ஆவி குளிர்ந்து நிற்பது. அதற்குக் காற்றுப் போக வழி செய்தால் போதும்.

சரியான பழுது எப்படி இருக்க வேண்டும்?

விரிசல் விட்ட பழைய தகட்டில் தார் பூசுவது ஒரு மழைக்கோ இரண்டு மழைக்கோதான். அதோடு, தாரிலும் சில பெயிண்டிலும் இருக்கும் கரைப்பான், பாலிகார்பனேட் தகட்டை இன்னும் வெடிக்க வைக்கும். தகட்டை மாற்றுவதுதான் நிரந்தர வழி. வேலை செய்பவர் யாராக இருந்தாலும் இவற்றைக் கேட்டுப் பாருங்கள்:

1. புதுத் தகட்டின் நெளிவு பக்கத்துத் தகரத்தின் நெளிவோடு அப்படியே பொருந்துகிறதா?

2. மேல் ஓரம் மேலே உள்ள தகரத்துக்கு அடியிலும், கீழ் ஓரம் கீழே உள்ள தகரத்துக்கு மேலேயும் போகிறதா? அங்கே குறைந்தது 6 அங்குலமாவது ஏறியிருக்க வேண்டும். கூரைச் சரிவு குறைவாக இருந்தால் இன்னும் அதிகம் வேண்டும்.

3. திருகாணி நெளிவின் மேட்டில் இருக்கிறதா? பள்ளத்தில் போட்டால் தண்ணீர் ஓடுகிற வழியிலேயே ஓட்டை போட்டதாகும்.

4. துளை ஆணியைவிடச் சற்றுப் பெரிதாக, அகலமான ரப்பர் வாஷரோடு இருக்கிறதா? வாஷர் பிதுங்கும் அளவுக்கு முறுக்கக் கூடாது.

5. வெயிலைத் தாங்கும் பூச்சு உள்ள பக்கம் வானத்தைப் பார்த்து இருக்கிறதா? தகட்டின் மேல் ஒட்டியிருக்கும் தாளில் அது எழுதியிருக்கும்.

6. தகட்டுக்கு அடியில் உறுதியான கம்பிவலை அடிக்க முடியுமா? நாளைக்கு யாராவது தவறிக் கால் வைத்தாலும் அது தாங்கும்.

இயன்றவரை உள்ளே சாரம் கட்டி, கீழே நின்றபடியே வேலை செய்ய வேண்டும். மேலே போகத்தான் வேண்டும் என்றால் கூரைச் சட்டங்களுக்குக் குறுக்கே கெட்டியான பலகை போட்டு, பாதுகாப்பு வார் மாட்டிக்கொண்டு போக வேண்டும். ஏணி கூரை ஓரத்துக்கு மேல் மூன்று அடி நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். கீழே ஒருவர் பிடித்திருக்க வேண்டும். மழையிலோ, இடி கேட்கும்போதோ, தனியாகவோ ஏறவே கூடாது.

ஆஸ்பெஸ்டாஸ் கூரை என்றால்

பழைய வீடுகளில் கண்ணாடித் தகட்டைச் சுற்றி இருப்பது சாம்பல் நிற ஆஸ்பெஸ்டாஸ் தகடாக இருக்கலாம். அதை அறுத்தாலோ, துளைத்தாலோ, உடைத்தாலோ கண்ணுக்குத் தெரியாத நார் பறக்கும். மூச்சில் போன நார் நுரையீரலில் தங்கி, இருபது முப்பது வருஷம் கழித்துக்கூட நுரையீரல் இறுக்கத்தையும் புற்றுநோயையும் கொண்டுவரலாம். புகை பிடிப்பவருக்கு நுரையீரல் புற்றுநோய் அபாயம் இன்னும் பல மடங்கு. நம் நாட்டில் ஆஸ்பெஸ்டாஸ் வேலைக்கென்று 1986-இலேயே விதிமுறை கொண்டு வந்தார்கள். எனவே அந்தக் கூரையை நீங்களாகத் தொடாதீர்கள். உடைந்த துண்டைக் கோழிக்கூட்டுக்கும் எடுக்காதீர்கள், உலர்ந்த துடைப்பத்தால் தூளைப் பெருக்காதீர்கள். பழக்கமுள்ள குத்தகைக்காரர்தான் செய்ய வேண்டும்.

யார் பொறுப்பு?

தோட்டத்து வீடு நிர்வாகத்தின் வீடு. தீபகற்ப மலேசியாவில் 1990-ஆம் ஆண்டின் 446-ஆம் எண் சட்டம், தொழிலாளருக்குக் கொடுத்த வீட்டை நல்ல நிலையில் வைத்திருக்கும் கடமையை முதலாளி மேல் வைக்கிறது. 2019-இல் திருத்தப்பட்ட இச்சட்டம் 2020 ஜூன் முதல் தேதியிலிருந்து நடப்பில் இருக்கிறது. ஆகவே கூரை ஒழுகினால் "போகட்டும், நாமே ஒட்டிக்குவோம்" என்று ஏணியைத் தேடாதீர்கள். தேதி, வீட்டு எண், எந்த அறை என்று எழுதி ஆப்பீசில் கொடுங்கள். ஒரு பிரதி உங்களிடம் இருக்கட்டும். கைத்தொலைபேசியில் படமும் எடுத்து வையுங்கள். பதில் வராவிட்டால் தோட்டக் கமிட்டியிடம் சொல்லுங்கள். அதற்கும் அசையாவிட்டால் தொழிலாளர் இலாகா இருக்கிறது. ஒரு வீட்டுக்காரர் கேட்டால் நாளைக்குப் பார்ப்போம் என்பார்கள். லயமே சேர்ந்து கேட்டால் இன்றைக்கே ஆள் வரும்.

நிர்வாகமே உங்களைக் கூரைக்கு அனுப்பினால் பலகையும் பாதுகாப்பு வாரும் கேளுங்கள். உயிருக்கு உடனடி ஆபத்து என்று நியாயமாக நம்பும் வேலையிலிருந்து விலகிக்கொள்ளும் உரிமையை, திருத்தப்பட்ட வேலையிடப் பாதுகாப்புச் சட்டம் 2024 ஜூன் முதல் தொழிலாளருக்குத் தந்திருக்கிறது.

சொந்த வீட்டுக்காரர்கள் கூலியை மிச்சம் பிடிக்க நினைக்கலாம். ஒரு தகட்டின் விலை எவ்வளவு, கூலி எவ்வளவு என்று கணக்குப் பார்க்கும்போது, ஆறு மாதம் வேலைக்குப் போகாமல் படுத்திருந்தால் எவ்வளவு என்பதையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

இன்றைக்கே ஒரு வேலை செய்யுங்கள். வீட்டுக்குள் நின்று உங்கள் கூரையில் எத்தனை கண்ணாடித் தகடு, எந்தெந்த இடத்தில் இருக்கிறது என்று எண்ணிப் பிள்ளைகளுக்கும் காட்டிச் சொல்லுங்கள். பந்து எடுக்கவும் பட்டம் எடுக்கவும் கூரை ஏறுவது அவர்கள்தான்.