மலையேறும் ஜீப்பும் மாலைப் பொழுதும்

தேவாரம் என்றதும் அப்பரும் சம்பந்தரும் நினைவுக்கு வருவது இயல்பு. நான் சொல்ல வந்ததோ உத்தமபாளையம் தாலூகாவில், மேற்கு மலைத்தொடரின் அடிவாரத்திலுள்ள தேவாரம் என்னும் ஊரைப் பற்றி. இங்கிருந்தும் போடிநாயக்கனூரிலிருந்தும் விடியுமுன்பே தொழிலாளரை ஏற்றிக்கொண்டு ஜீப்புகள் இடுக்கி மலையின் ஏலத்தோட்டங்களுக்குப் புறப்பட்டு விடுகின்றன. அவர்கள் காய் எடுத்துத் திரும்புவதற்குள் பொழுது சாய்ந்துவிடும். தாயும் தந்தையும் சேர்ந்தே மலையேறும் குடும்பங்களில், பள்ளிக்கூடம் விட்டு வரும் பையனை எதிர்கொள்வது பூட்டிய கதவுதான். அந்த இரண்டொரு மணி நேரத்துக்கு அவனுக்குத் தோழன் யார்?

கள்ளும் சாராயமும் வாடையினால் தம்மைக் காட்டிக் கொடுத்துவிடும். இக்காலத்து விஷம் அப்படிப்பட்டதல்ல. 'கூல் லிப்' என்னும் சிறு புகையிலைப் பையை உதட்டுக்குள் அடக்கிக்கொண்டு, கணக்குப் பாடம் முடியும் மட்டும் ஒரு பிள்ளை பரம சாதுவாக உட்கார்ந்திருக்கலாம். மாணவரிடையே இது பரவுவதைக் குறித்து 2024-இல் மதுரை உயர்நீதிமன்றக் கிளையே கவலை தெரிவித்தது. சட்டத்திற்குக் குறைவில்லை. பள்ளிக்கு 100 கஜ தூரத்துக்குள் புகையிலை விற்கலாகாது என்பது 2003-ஆம் வருஷத்துச் சட்டம். குழந்தைக்கு மதுவோ, புகையிலையோ, வேறு போதைப் பொருளோ கொடுப்பவனுக்கு 7 வருஷம் வரை கடுங்காவல் உண்டு என்கிறது 2015-ஆம் வருஷத்துச் சட்டம்.

பிரசாரத்திற்கும் குறைவில்லை. ஆண்டுதோறும் ஜூன் 26-இல் ஊர்வலங்கள் நடக்கின்றன. 2022 ஆகஸ்டு 11-இல் தமிழ்நாடெங்கும் பள்ளி மாணவர்கள் பிரதிக்ஞை எடுத்துக்கொண்டார்கள். ஊர்வலத்தில் குழந்தைகளுக்கு உற்சாகந்தான். அன்று பாடம் கிடையாதல்லவா! ஆனால் உபதேசம் மட்டும் போதுமா? அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்தில் 1983 முதல் போலீஸ்காரர்களே வகுப்புக்கு வந்து புத்தி சொன்னார்கள். திட்டம் நாடெங்கும் பரவியது. பின்னர் ஆராய்ந்தவர்கள் பலர், சொல்லத்தக்க பலன் இல்லை என்றே கண்டார்கள்.

ஐஸ்லாந்து தீவின் கதை வேறு. 1998-இல் அங்கே 15, 16 வயதுப் பிள்ளைகளில் நூற்றுக்கு 42 பேர் முந்திய மாதத்தில் குடித்து வெறித்திருந்தார்கள். பள்ளி விட்ட பின் விளையாட்டுக்கும் சங்கீதத்துக்கும் பொதுப் பணத்தைச் செலவிட்டார்கள். இரவில் சிறுவர் வெளியே திரியாதபடி பெற்றோர் கூடிக் கண்காணித்தார்கள். 2016-இல் அந்த 42 வெறும் 5 ஆயிற்று.

நமக்கு இது புதிய வித்தையுமல்ல. 1929-இல் திருச்செங்கோடு காந்தி ஆசிரமத்திலிருந்து ராஜாஜி மதுவிலக்குக்காகவே 'விமோசனம்' பத்திரிகையை வெளியிட்டார். கல்கி அதில் உதவினார். வறட்டு உபதேசத்தை நம்பாமல் கதைகளையும் சித்திரங்களையும் தந்தார்கள். 1937 அக்டோபர் 1-இல் சேலம் ஜில்லாவில் மதுவிலக்கு வந்தபோதும், கடைக்குப் போன பொழுதை நிரப்ப விளையாட்டும் பஜனையும் வேண்டுமென்று கருதினார்கள்.

ஆகவே, தேவாரத்துக்கு என் யோசனை இதுதான். ஜீப்புகள் திரும்பும் வரை பள்ளி மைதானம் திறந்திருக்கட்டும். கபடி ஆடட்டும், பந்து உதைக்கட்டும், பெண் குழந்தைகளுக்கும் இடம் இருக்கட்டும். மழை நாளில் கதைப் புத்தகம், பசிக்கு ஒரு கை சுண்டல். செலவுக்கு எங்கே போவது என்று கேட்பீர்கள். ஏலக்காய் ஏலத்துக்குப் பேர்போன போடிநாயக்கனூர் பக்கத்திலேயே இருக்கிறது. அந்தக் காயை எடுப்பவர்களின் பிள்ளைகளுக்கு வியாபாரிகள் ஒரு பந்து வாங்கித் தரமாட்டார்களா?

ஏற்கெனவே பழக்கத்தில் விழுந்த பிள்ளையைப் பள்ளியை விட்டு விரட்டினால், அவன் நேரே போய்ச் சேருமிடம் அந்தக் கடைதான். அவன் பெற்றோர் 14446 என்ற எண்ணுக்கு டெலிபோன் செய்தால் காசின்றி ஆலோசனை கிடைக்கும். அந்த எண்ணைப் பள்ளி வாசலில் எழுதி வைப்பதோடு, இருட்டிய பின் வீடு திரும்பும் தாய்மார் காதிலும் போட்டு வைக்கவேண்டும்.