நிலக்கடலை முளைப்பு குறைவது ஏன்?

நிலக்கடலை சாகுபடியில் விதைக்கு ஆகும் செலவு பெரிய செலவு. ஏக்கருக்கு 50 கிலோவுக்குக் குறையாமல் பருப்பு தேவைப்படுகிறது. பருமனான பருப்புள்ள ரகமானால் இன்னும் கூடும். இவ்வளவு செலவிட்டு விதைத்தும், சால் நெடுகப் பாடுவாசி விழுந்தால் "விதை சரியில்லை" என்றே விவசாயிகள் பலரும் முடிவு கட்டுகிறார்கள். பல சமயம் அது உண்மையாகவும் இருக்கும். ஆனால் காரணம் தெரியாமல் அதே விதையை மீண்டும் ஊன்றினால் இரண்டாம் முறை செலவும் மண்ணோடு போய்விடும்.

விதைத்த 8 முதல் 10 நாட்களுக்குள், முளைப்பு இல்லாத இடங்களில் நாலைந்தைத் தேர்ந்தெடுத்து, களைக்கொத்தினால் சாலை மெல்லக் கிளறி விதைகளை எடுத்துப் பார்த்தல் வேண்டும். கோளாறு எங்கே என்பதை விதையே காட்டிவிடும்.

போட்டபடியே விதை காய்ந்து கெட்டியாக இருந்தால் ஈரம் போதவில்லை என்று பொருள். இந்த விதை இன்னும் சாகவில்லை. இறவையில் லேசாகத் தண்ணீர் கட்டினால் முளைத்துவிடும். விதை ஊறிப் பருத்து, அழுகாமலும் முளை விடாமலும் இருந்தால் அது விதை உறக்கம். கொடிக் கடலை ரகங்களில் அறுவடைக்குப் பின் சில வாரங்கள் வரை, சிலவற்றில் அதற்கு மேலும், இந்த உறக்கம் நீடிக்கும். டி.எம்.வி. 7, வி.ஆர்.ஐ. 2 போன்ற கொத்து ரகங்களில் இத்தொல்லை அநேகமாக இல்லை.

விதையின் மேல் கரித்தூள் போன்ற பூசணம் படர்ந்து அழுகியிருந்தால், கழுத்தழுகல் நோயை உண்டாக்கும் பூசணமே காரணம். இது விதையிலும் இருக்கும், மண்ணிலும் இருக்கும். விதைப்பதற்கு முன் கிலோ பருப்புக்கு 4 கிராம் வீதம் டிரைக்கோடெர்மா விரிடி கலந்து விதை நேர்த்தி செய்வது நல்ல பலன் தரும். முளை வெளிவராமல் மண்ணுக்குள் வளைந்து தடித்திருந்தால் விதையைக் குறை கூற முடியாது. ஆழம் 4 செ.மீ.க்கு மேல் போயிருக்கும். அல்லது விதைத்தபின் பெய்த மழையால் செம்மண் மேலே இறுகியிருக்கும். மேல்மண் காயாதபடி லேசாக உயிர்த்தண்ணீர் விட்டால் முளை வெளிவரும். இப்படி இறுகும் நிலத்துக்கு ஏக்கருக்கு 5 டன் தொழுவுரமோ மக்கிய தென்னைநார்க் கழிவோ இடுவது அடுத்த பருவத்துக்கு உதவும். தோண்டிய இடத்தில் விதையே இல்லையென்றால் அணில், காகம், எலி இவற்றின் வேலை.

எடுத்த விதைகளில் பல இரண்டாகப் பிளந்தும் தோல் உரிந்தும் இருந்தால், கோளாறு வயலில் இல்லை. விதை தயாரித்த விதத்தில் இருக்கிறது. நிலக்கடலையின் முளைக்கருத்து பருப்பின் நுனியில், மெல்லிய தோலை மட்டும் காப்பாகக் கொண்டிருக்கிறது. ஓடு உடைக்கும்போது அந்த நுனியில் அடிபட்டால் விதை கெட்டது. உடைப்பதற்கு எளிதாக இருக்குமென்று காய் மீது தண்ணீர் தெளிக்கும் வழக்கம் பல ஊர்களில் உண்டு. கைவலி குறையும் என்பது உண்மைதான். ஆனால் அந்த ஈரத்தில் பூசணம் பிடித்து முளைப்புத்திறன் போய்விடும். விதைக்கு வைப்பதைக் காயாகவே சேமித்து, விதைப்பதற்கு ஒரு வாரத்துக்குள் உடைத்தல் நலம். கோடையில் அறுவடை செய்த காயை நடுப்பகல் வெயிலில் களத்தில் பரப்பிக் காய வைப்பதும் முளைப்பைக் கெடுக்கும்.

விதைக்கு முன்பே இதைக் கண்டுகொள்ள முடியும். மூட்டையின் மேல், நடு, அடி ஆகிய பகுதிகளிலிருந்து எடுத்த 100 பருப்புகளை ஈர மணலில் ஊன்றி, மணல் காயாமல் பார்த்து, பத்தாம் நாள் எண்ண வேண்டும். சான்று விதைக்குக் குறைந்தது 70 சதம் முளைப்பு இருக்க வேண்டும் என்பது விதி. சொந்த விதையில் 60 முளைத்தால் விதையளவைக் கூட்டிச் சமாளிக்கலாம். பாதிக்கும் கீழ் போனால் அதை எண்ணெய்க்கு அனுப்பிவிட்டு வேறு விதை தேடுவதே லாபம்.

ஏற்கனவே விதைத்துவிட்ட நிலத்தில், 30 செ.மீ.க்கு 10 செ.மீ. இடைவெளியில் சதுர மீட்டருக்கு 33 செடிகள் இருக்க வேண்டும். நாலைந்து இடங்களில் எண்ணிப் பார்த்துப் பாதிக்கு மேல் இருந்தால் உழுதுவிட வேண்டாம். உடனே பாடுவாசி நிரப்பினால் போதும். நாள் கடந்து ஊன்றிய செடி மூத்த செடியின் நிழலில் தேறாது.

விலைக்கு வாங்கிய சான்று விதை என்றால் நீலநிறச் சான்று அட்டையையும் ரசீதையும் அறுவடை வரை வைத்திருக்க வேண்டும். விதைத்து மீந்ததில் கொஞ்சம் பருப்பையும் துணிப்பையில் கட்டி வைப்பது நல்லது. முளைப்பு பொய்த்தால், வயலை உழுவதற்கு முன் அந்தப் பகுதி விதை ஆய்வாளரிடம் எழுத்து மூலம் முறையிட்டு, அவர் வந்து பார்க்கும்வரை ஒரு மூலையையாவது கலைக்காமல் விட்டு வைக்க வேண்டும்.