ஒரு லைசென்ஸ், நாலு பேர்: வேலையைப் பிரிப்பது எப்படி?



கோவை ரங்கே கவுடர் வீதியில் எங்கள் தகப்பனார் மளிகை மொத்த வியாபாரம் செய்த காலத்தில், நாள்வழியும் பேரேடும் கணக்குப்பிள்ளை ஒருவரின் பொறுப்பில்தான் இருந்தன. அவசரத்துக்கு வேறு யாராவது ஒரு வரி எழுதினாலும் கையெழுத்தே காட்டிக் கொடுத்துவிடும். "இதை யார் எழுதியது?" என்று விசாரிக்க வேண்டிய அவசியமே வந்ததில்லை. கம்ப்யூட்டர் வந்ததும் வேலை வேகமானது, கூட்டல் பிழை ஒழிந்தது. ஆனால் கையெழுத்து போய்விட்டது. யார் தட்டினாலும் எழுத்து ஒன்றுதான். இந்த ஒரு விஷயத்தைக் கவனிக்காமல் விட்டதால் எங்கள் கடையில் நடந்ததை, மற்றவர்களுக்குப் பாடமாக இருக்கட்டும் என்று எழுதுகிறோம்.

நடந்தது என்ன?

எங்களிடம் இருந்தது ஒருவர் மட்டும் பயன்படுத்தும் டேலி லைசென்ஸ். அதில் வேலை செய்தவர்கள் நாலு பேர்: கணக்கர், பில் போடும் பையன், எங்கள் மகன், நாங்கள். லைசென்ஸ் ஒன்றுதானே என்று பெயரும் ஒன்று, பாஸ்வேர்டும் ஒன்று என்று வைத்துக்கொண்டோம். அந்தப் பாஸ்வேர்டைத் தினசரி காலண்டர் அட்டையில் எழ்தி மாட்டியும் இருந்தோம். யார் எழுந்து போனாலும் அடுத்தவர் அதே இடத்தில் உட்கார்ந்து வேலையைத் தொடர்வார்.

2018 தீபாவளி நெரிசல் முடிந்த நேரம். அன்னூரிலிருந்து ஒரு சில்லறைக் கடைக்காரர் எங்கள் ரசீதோடு வந்தார். அவர் ரொக்கமாகக் கட்டிய 38,400 ரூபாய் அவர் கணக்கில் வரவாகவில்லை. தேடிப் பார்த்தால், அதே பெயர் கொண்ட அவிநாசிக் கடையின் கணக்கில் அந்தத் தொகை இருந்தது. பில் போடும் பையன் அவிநாசிப் பக்கத்துக்காரன். ரசீது போட்டதும் அவன்தான். கடையில் அத்தனை பேர் இருக்கும்போதே, "ஏப்பா, உங்க ஊர்க்காரருக்கு வரவு வெச்சுட்டியா?" என்று கேட்டுவிட்டோம்.

"நான் அன்னூர்க் கணக்குலதானுங்க போட்டேன் முதலாளி. அப்புறம் அதைத் தொடவே இல்லீங்க" என்றான். நாங்கள் நம்பவில்லை. நம்புவதற்கோ மறுப்பதற்கோ கம்ப்யூட்டரில் ஆதாரமும் இல்லை. கணக்கைச் சரி செய்தோம். இரண்டு நாள் கழித்து அவன் வேலைக்கு வரவில்லை.

அடுத்த மார்ச்சில் வருட முடிவுக் கணக்குப் பார்க்கும்போது எங்கள் பாக்கெட் டைரியைப் புரட்டினோம். "அவிநாசி ரசீது சரி செய்தாயிற்று" என்று எங்கள் கையெழுத்திலேயே ஒரு வரி இருந்தது. அவிநாசிக் கடைக்காரர் அன்று மாலை போனில் பணம் அனுப்புவதாகச் சொல்லியிருந்தார். இரவு கடை சாத்தும் நேரத்தில் ரசீதைப் பார்த்து, பையன் பெயர் மாற்றிப் போட்டுவிட்டான் என்று நினைத்து, நாங்களேதான் திருத்தியிருக்கிறோம். பண்டிகைப் பரபரப்பில் அது மறந்தே போய்விட்டது.

லைசென்ஸ் வேறு, பெயர் வேறு

டேலி நம்மைப் போன்ற ஒரு வியாபாரியின் தேவையில் பிறந்தது. மில்களுக்குச் சரக்கு சப்ளை செய்துவந்த ஷ்யாம் சுந்தர் கோயங்காவும் அவர் மகன் பரத் கோயங்காவும் 1986இல் பெங்களூரில் தொடங்கிய கம்பெனி அது. பரத் கோயங்காவுக்கு 2020இல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

அதில் சில்வர் லைசென்ஸ் என்றால் ஒரு நேரத்தில் ஒரு கம்ப்யூட்டரில் வேலை செய்யலாம். கோல்டு லைசென்ஸ் என்றால் கடைக்குள் வயரில் இணைத்த கம்ப்யூட்டர்களில் எத்தனை பேர் வேண்டுமானாலும் ஒரே நேரத்தில் வேலை செய்யலாம். விலை ஏறக்குறைய மூன்று பங்கு.

பலருக்குத் தெரியாத சங்கதி இதுதான்: சில்வரிலும் ஆளுக்கு ஒரு பெயர், ஆளுக்கு ஒரு பாஸ்வேர்டு வைக்கலாம். அதற்குத் தனிக் காசு கிடையாது. யார் பதிவு மட்டும் செய்யலாம், யார் திருத்தலாம் என்று முதலாளியே வரையறுக்கலாம். ஒரே நேரத்தில் இரண்டு கம்ப்யூட்டரில் உட்காருவதைத்தான் லைசென்ஸ் தடுக்கிறது. ஆளுக்கொரு பெயர் வைப்பதை அது தடுக்கவில்லை. இரண்டையும் ஒன்றாக நினைத்ததுதான் எங்கள் தவறு.

எல்லா சாப்ட்வேருக்கும் கணக்கு ஒரே மாதிரி இல்லை என்பதையும் கவனிக்க வேண்டும். மைக்ரோசாப்ட் 365 போன்றவற்றில் லைசென்ஸ் ஆளின் பெயருக்கு. ஒருவர் பெயரில் வாங்கியதை நாலு பேர் மாற்றி மாற்றிப் பயன்படுத்துவது ஒப்பந்தத்துக்கு விரோதம். வாங்கும்போதே "இது மெஷினுக்கா, ஆளுக்கா?" என்று கேட்டுவிடுவது நல்லது.

திருட்டுக் காப்பி வேண்டாம்

"லைசென்ஸ் எதற்கு அண்ணா, நாலு மெஷினிலும் சும்மாவே போட்டுத் தருகிறேன்" என்று சொல்லிக்கொண்டு வருபவர்கள் உண்டு. 1994இல் திருத்தப்பட்டு 1995 மே 10 முதல் அமலுக்கு வந்த காப்புரிமைச் சட்டத்தின் 63பி பிரிவை அவர்கள் சொல்வதில்லை. திருட்டுக் காப்பி என்று தெரிந்தே கம்ப்யூட்டரில் பயன்படுத்தினால் குறைந்தது 7 நாள், அதிகபட்சம் 3 ஆண்டு சிறை. அபராதம் 50,000 ரூபாயிலிருந்து 2 லட்சம் வரை. வியாபாரத்துக்கு இல்லாத உபயோகமென்றால் நீதிமன்றம் சிறைத் தண்டனையைத் தவிர்க்கச் சட்டத்தில் இடமுண்டு. கடை வைத்திருக்கும் நமக்கு அந்தச் சலுகை கிடையாது.

ஒரே லைசென்ஸில் வேலைப் பிரிவினை

அந்த மார்ச்சுக்குப் பிறகு எங்கள் கடையில் செய்துகொண்ட ஏற்பாட்டைச் சொல்கிறோம். ஒவ்வொரு கடைக்கும் நேரம் மாறும், முறை பொருந்தும்.

1. நேரம் பிரித்தோம். காலை 10 முதல் 11.30 வரை கணக்கர் கொள்முதல் பில்களையும் பேங்க் வரவுகளையும் ஏற்றுவார். 11.30 முதல் மாலை 7 வரை மெஷின் பில் போடுபவருக்கு. அதன் பிறகு கணக்கர் ரொக்கம் சரி பார்த்து நாள் முடிப்பார். லாரி வந்துவிட்டது என்றாலும் கொள்முதல் பில் மறுநாள் காலைதான் ஏறும்.

2. உட்காருபவர் தன் பெயரில் திறக்க வேண்டும். எழுந்தால் மூட வேண்டும், டீ குடிக்கப் போனாலும் சரி.

3. கம்ப்யூட்டரில் பெயர் இல்லாதவருக்கும் பொறுப்பு உண்டு. எங்கள் குடோன் மேஸ்திரி கம்ப்யூட்டரைத் தொடுவதில்லை. ஆனால் எத்தனை மூட்டை இறங்கியது, எடை என்ன என்று அவர் கையெழுத்திட்ட எடைச் சீட்டு இல்லாமல் கணக்கர் எதையும் ஏற்ற மாட்டார். வேலையை ஒப்படைக்க லைசென்ஸ் தேவையில்லை, ஒரு துண்டுச் சீட்டு போதும்.

4. திருத்தும் அதிகாரம் ஒருவருக்கே. பில் போடுபவர் பதிவு மட்டும் செய்வார். கணக்கர்தான் திருத்துவார், அதற்கும் காரணத்தைக் குறிப்புப் பகுதியில் எழுத வேண்டும். முதலாளியாகிய எங்களுக்குப் பார்க்க மட்டுமே உரிமை. இதை நாங்களே கேட்டு வாங்கிக்கொண்டோம்.

5. இ-வே பில் தளத்திலும் முதன்மைப் பெயரின் கீழ் துணைப் பெயர்களை இலவசமாகச் சேர்க்கலாம். தமிழ்நாட்டுக்குள் 1 லட்சம் ரூபாய்க்கும், வெளி மாநிலத்துக்கு 50,000 ரூபாய்க்கும் மேல் சரக்கு அனுப்பினால் இ-வே பில் தேவை. 2025 ஏப்ரல் 1 முதல் அங்கு எல்லோருக்கும் ஓ.டி.பி. சரிபார்ப்பு கட்டாயம். லோடு ஏறி நிற்கும்போது, கல்யாண வீட்டில் இருக்கும் முதலாளியின் போனுக்கு ஓ.டி.பி. போனால் யாருக்கு லாபம்? அனுப்புகிற ஆளின் பெயரிலும் போனிலும் ஒன்று இருக்கட்டும்.

திருத்தங்களைத் தானாகக் குறித்து வைக்கும் 'எடிட் லாக்' வசதி, கம்பெனிச் சட்டத்தின் கீழ் பதிவான கம்பெனிகளுக்கு 2023 ஏப்ரல் 1 முதல் கட்டாயம். தனிநபர் கடைக்கும் கூட்டு வியாபாரத்துக்கும் அந்தக் கட்டாயம் இல்லை. ஆனாலும் டேலி பிரைமில் அந்த வசதி கிடைக்கிறது. அன்றைக்கு எங்களிடம் அது இருந்திருந்தால் ஒரு நிமிடத்தில் உண்மை தெரிந்திருக்கும். ஆளுக்கொரு பெயர் இல்லாவிட்டால் அதனாலும் பயனில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

பெரிய லைசென்ஸ் எப்போது?

ஒரு வாரம் ஒரு நோட்டில் எழுதிப் பாருங்கள்: மெஷின் காலியாகாமல் யார் எவ்வளவு நேரம் காத்திருந்தார், எத்தனை பார்ட்டிகள் பில்லுக்காக நின்றார்கள். தினம் ஒரு மணி நேரத்துக்கு மேல் இரண்டு பேர் சும்மா நின்றால், கோல்டு வாங்குவதே சிக்கனம். அதற்குக் குறைவென்றால் நேரத்தைப் பிரித்தாலே போதும். எங்கள் மகன் 2022இல் கோல்டு வாங்கினார். கவனியுங்கள்: அதுவரை ஒரே லைசென்ஸில்தான் ஓட்டினோம். மூன்று ஆண்டில் ஒரு ரசீதுகூட ஆள் தெரியாமல் திருத்தப்படவில்லை.

பையனைப் பார்க்கப் போனோம். அப்போது திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தான். டைரியைக் காட்டி, தவறு எங்களுடையது என்று சொன்னோம். வாங்கிப் படித்தான். "பரவாயில்லீங்க முதலாளி. தப்பு யாருக்கும் வரும். ஆனா எல்லாரும் நிக்கறப்பக் கேட்டீங்களே" என்றான். மறுபடி வேலைக்கு வரச் சொன்னோம். டீ வாங்கிக் கொடுத்தான், வருவதாகச் சொல்லவில்லை.

உங்கள் கடையில் காலண்டர் அட்டையில் பாஸ்வேர்டு எழுதி மாட்டியிருந்தால், இதைப் படித்து முடித்ததும் அதைக் கிழித்துப் போடுங்கள். ஆளுக்கொரு பெயர் வைக்க அரை மணி நேரம் ஆகும்.