இல்லமும் பணியகமும்

ஒரு பணியகத்தில் கண்ணுக்குப் புலனாகும் பொருள்கள் பல உள்ளன. மேசை, நாற்காலி, கணிப்பொறி, கோப்பு ஆகியவற்றை எண்ணிக் கணக்கில் எழுதிவிடலாம். எண்ணி எழுத இயலாத ஒன்றும் அங்கே உண்டு. புதிதாகப் பணியில் சேர்ந்த இளைஞன் ஒருவன் வேலையில் தடையுற்றுத் திகைக்கின்றான். அவன் வாய் திறந்து ஒன்றும் கேட்கவில்லை. ஆயினும் அடுத்த மேசையில் இருக்கும் மூத்தவர் அவன் முகத்தைக் கண்ட அளவிலே, "என்ன தம்பி, எங்கே சிக்கல்?" என்று வினவுகின்றார். நண்பகலில் ஐவர் ஒன்றாக அமர்ந்து உணவுப் பெட்டிகளைத் திறக்கின்றனர். ஒருவர் வீட்டுத் துவையல் மற்றவர் சோற்றுக்குத் துணையாகின்றது. அப்பேச்சினிடையே, மூன்று நாளாக அவிழாதிருந்த ஒரு சிக்கல் தானே அவிழ்ந்துவிடுகின்றது. இவற்றைப் போன்ற பழக்கங்களின் தொகுதியையே பணியகப் பண்பாடு என்கின்றனர். அப்பண்பாட்டினால் விளையும் ஒற்றுமையைக் குழுவுணர்வு எனலாம். இவை இரண்டும் இருக்கும்போது எவரும் இவற்றை நினைப்பதில்லை.

2020-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் இவற்றை உலகம் நினைக்க நேர்ந்தது. அத்திங்கள் 11-ஆம் நாள், கொரோனா நோயை உலகளாவிய பெருந்தொற்று என உலக நலவாழ்வு நிறுவனம் அறிவித்தது. 25-ஆம் நாள் முதல் இந்தியா முழுவதும் ஊரடங்கு நடைமுறைக்கு வந்தது. ஆலைகள் நின்றன, அலுவலகங்கள் மூடப்பெற்றன. ஆயினும் கணிப்பொறித் தொழிலில் ஈடுபட்டிருந்த நிறுவனங்கள் தொழிலை நிறுத்தவில்லை. வீட்டிலிருந்து பணிபுரிதற்குத் தடையாயிருந்த சில விதிகளை இந்திய அரசின் தொலைத்தொடர்புத் துறை அத்திங்களிலேயே தளர்த்தியது. மேசைக் கணிப்பொறிகள் வண்டிகளில் ஏற்றப்பட்டுப் பணியாளர் இல்லந்தோறும் கொண்டு சேர்க்கப்பட்டன. சில நாள்களுக்குள் உணவு மேசை அலுவல் மேசையாயிற்று. படுக்கையறை கூட்ட அறையாயிற்று.

வீட்டிலிருந்து தொழில் செய்வது புதியதொரு செய்தி அன்று. தமிழ்நாட்டுக் கைத்தறி ஊர்களில் தறி இருக்கும் இடமே வீடு. ஆனால் அந்நெசவாளன் தனியன் அல்லன். காலையிலே தெருவில் பாவை நீள விரித்துக் கஞ்சி தோய்க்கும்போது பக்கத்து வீட்டாரும் கைகொடுப்பர். அங்கே தெருவே பணியகமாக விளங்குகின்றது. அலுவலகப் பணியை வீட்டிற்கு அனுப்பும் எண்ணமோ, அமெரிக்க நாட்டில் 1973-ஆம் ஆண்டில் உருவாயிற்று. விண்வெளிச் செய்தித் தொடர்புத் துறையில் பணியாற்றிய ஜாக் நில்ஸ் என்னும் பொறியாளர், பணியாளரை நாள்தோறும் சாலையில் ஏற்றி அலுவலகத்திற்குக் கொண்டுவருவதைவிட, அலுவலைத் தந்தி வழியாக அவர்களிடம் அனுப்புவது எளிதன்றோ என்று கேட்டார். அவ்வாண்டிலே எண்ணெய்த் தட்டுப்பாடும் வந்தது. எனினும் அவர் கேள்விக்கு அக்காலத்துக் கருவிகளால் விடை கூற இயலவில்லை.

அக்கேள்வியை முறைப்படி ஆராய்ந்து பார்த்தது சீன நாட்டு நிறுவனம் ஒன்று. ஷாங்காய் நகரில் உள்ள சிட்ரிப் என்னும் அந்நிறுவனம், தொலைபேசி வழியாக விடுதி அறைகளையும் வானூர்திச் சீட்டுகளையும் பதிவு செய்து தரும் தொழிலை நடத்தி வந்தது. நகரில் இடத்தின் வாடகை ஏறிக்கொண்டே போயிற்று. பணியாளர் பலர் நீடித்து நில்லாமல் விலகிக்கொண்டே இருந்தனர். வீட்டிலிருந்து பணிபுரிய விட்டால் இவ்விரு தொல்லைகளும் தீருமோ? அன்றி, கண்காணிப்பு இன்மையால் வேலை கெடுமோ? நிறுவனத்தை நிறுவியவர்களுள் ஒருவரான ஜேம்ஸ் லியாங் அப்போது ஸ்டான்போர்டுப் பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவராகவும் இருந்தார். அவர், அங்கே பேராசிரியராக விளங்கிய நிக்கலஸ் புளூம் என்பவரோடும் பிற ஆய்வாளரோடும் சேர்ந்து ஒரு சோதனையை வகுத்தார்.

விருப்பம் உடையவர் வரலாம் என்று அறிவித்தபோது 503 பேர் முன்வந்தனர். அவர்களுள் தனி அறையும், விரைவான இணைய இணைப்பும், ஆறு மாதப் பழக்கமும் உடையவர் 249 பேர். பிறந்த தேதி இரட்டைப்படை எண்ணாயின் வீடு. ஒற்றைப்படை எண்ணாயின் அலுவலகம் என்று குலுக்கல் முறையில் முடிவாயிற்று. வீட்டிற்குச் சென்றவர் வாரத்தில் நான்கு நாள் வீட்டிலும் ஒரு நாள் அலுவலகத்திலும் பணி செய்தனர். 2010-ஆம் ஆண்டின் இறுதியில் தொடங்கிய சோதனை ஒன்பது மாதங்கள் நடைபெற்றது.

விளைவு பலரை வியக்கச் செய்தது. வீட்டில் இருந்தவர் வேலை நூற்றுக்கு 13 பங்கு மிகுந்தது. அதிற் பெரும்பகுதி, அவர்கள் இடைவேளைகளையும் நோய் விடுப்புகளையும் குறைத்துக்கொண்டு மிகுதியான நேரம் உழைத்ததனால் வந்தது. எஞ்சியது, அமைதியான சூழலில் ஒவ்வொரு நிமிடத்திலும் மிகுதியான அழைப்புகளை ஏற்றதனால் வந்தது. பணியிலிருந்து விலகுவோர் தொகையும் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. இவ்வளவில் நின்றிருந்தால் அலுவலகங்களை அன்றே இழுத்துப் பூட்டியிருக்கலாம். ஆனால் சோதனை முடிந்தபின் விரும்பிய இடத்தைத் தேர்ந்துகொள்ளுமாறு கூறியபோது, வீட்டிலிருந்தவருள் ஏறத்தாழப் பாதிப்பேர் அலுவலகத்திற்கே திரும்ப விரும்பினர். தனிமை பொறுக்க முடியவில்லை என்பதே அவர்கள் கூறிய முதன்மையான காரணம். மற்றொன்றும் தெரியவந்தது. ஒரே அளவு வேலை செய்தவர்களை ஒப்பிட்டபோது, வீட்டிலிருந்தவர்க்குப் பதவி உயர்வு குறைவாகவே கிட்டியிருந்தது. கண்ணிற் படாதவர் கருத்திலும் இடம் பெறவில்லை போலும்!

தொற்றுக் காலத்திலோ குலுக்கலும் இல்லை, விருப்பமும் இல்லை. தனி அறை உடையவரும், ஒரே அறையில் ஐவரோடு வாழ்பவரும் ஒருங்கே வீட்டிற்கு அனுப்பப்பட்டனர். பள்ளிகளும் மூடிக் கிடந்தமையால், ஒரு கையில் குழந்தையும் ஒரு கையில் கணிப்பொறியுமாகத் தாய்மார் பட்ட பாடு கொஞ்சமன்று. அவ்வாறிருந்தும் வேலை பெரும்பாலும் நடந்தது. அது முன்பே ஒருவரையொருவர் அறிந்திருந்தவர்கள் செய்த வேலை என்பதை மறத்தலாகாது. பழைய நட்பு என்னும் முதலைச் செலவிட்டே அவர்கள் காலத்தை ஓட்டினர்.

அம்முதல் குறையத் தொடங்கியதை மைக்ரோசாப்ட் நிறுவனத்தில் நடந்த ஆய்வு காட்டிற்று. 2020-ஆம் ஆண்டின் முதல் ஆறு மாதங்களில், அமெரிக்காவில் இருந்த அந்நிறுவனப் பணியாளர் 61,182 பேரின் தொடர்புகள் ஆராயப்பட்டன. யார் யாரோடு பேசினர், எவ்வளவு நேரம் பேசினர் என்பதே ஆராய்ச்சி. பேசிய பொருள் அன்று. ஒவ்வொரு குழுவும் தன்னுள்ளே நெருங்கியது. பிற குழுவினரோடு செலவிட்ட நேரத்தின் பங்கு முன்பிருந்ததைவிட ஏறத்தாழக் காற்பங்கு குறைந்துவிட்டது. ஒரு துறையின் செய்தி மற்றொரு துறைக்குச் செல்லும் வழிகள் அருகின. தேநீர் அருந்தும் இடத்தில் தற்செயலாகச் சந்திக்கும் இருவர், காணொலித் திரையிலே தற்செயலாகச் சந்திப்பதில்லை அன்றோ? திரைக் கூட்டத்திற்கு அழைக்கப்பட்டவரே வருவர்.

தொலைவு பேச்சைக் குறைக்கும் என்பதை மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தைச் சார்ந்த தாமஸ் ஆலன் என்பவர் நெடுங்காலத்திற்கு முன்பே அளந்து கூறியிருந்தார். இரு பொறியாளரின் மேசைகளுக்கு இடையே உள்ள தொலைவு ஏறக்குறைய 30 மீட்டரைக் கடந்தால், அவர்கள் தொழில்பற்றிப் பேசிக்கொள்வது மிக அருகிவிடும் என்பது, 1977-ஆம் ஆண்டில் வெளிவந்த அவர் நூலில் காணப்படும் முடிவு. முப்பது மீட்டருக்கே இந்நிலை என்றால் முப்பது கிலோமீட்டருக்கு என்ன ஆகும்?

இதனால் மிகுதியும் இழந்தவர் இளைஞரே. அமெரிக்கப் பெருநிறுவனம் ஒன்றின் மென்பொருள் பொறியாளரைச் சில ஆய்வாளர் கவனித்தனர். ஒருவர் எழுதிய நிரலை மற்றவர் படித்துக் குறை நிறைகளை எழுதித் தருவது அங்கே வழக்கம். ஒரே கட்டடத்தில் தம் குழுவினரோடு அமர்ந்திருந்தவர், சற்றுத் தொலைவில் உள்ள வேறு கட்டடங்களிற் பிரிந்திருந்தவரைக் காட்டிலும் மிகுதியான திருத்தங்களைப் பெற்றனர். அலுவலகங்கள் மூடப்பட்டபின் இவ்வேறுபாடு பெரும்பாலும் மறைந்தது. எல்லோரும் ஒன்றுபோலக் குறைவாகப் பெற்றனர். அருகில் இருந்து பெற்ற பயன் இளையவர்க்கே, அவருள்ளும் பெண்களுக்கே, பெரிதாயிருந்தது. அதற்கு விலை கொடுத்தவர் மூத்தவர். பிறர்க்குக் கற்பித்த அளவிற்கு அவர்களுடைய சொந்த வேலை குறைந்தது. ஆகவே, "வீட்டிலிருந்தால் என் வேலை மிகுதியாக முடிகின்றது" என்று ஒரு மூத்தவர் கூறுவது உண்மையே ஆகும். யாரோ ஓர் இளைஞன் கேட்காமல் விட்ட ஐயங்களும் அம்மிகுதியில் அடங்கியிருக்கின்றன. அவ்வாய்வில் கண்ட மற்றொன்று நுண்ணியது. குழுவில் ஒருவர் மட்டும் தொலைவில் இருந்தாலும், ஒருங்கே அமர்ந்திருந்த மற்றவர்கள் ஒருவருக்கொருவர் உதவுவதும் குறைந்துவிட்டது.

திரையும் ஒரு குற்றவாளியே. எந்நேரமும் பல முகங்களை மிக அண்மையிற் காண்பதும், தன் முகத்தையே ஓயாது பார்த்துக்கொண்டிருப்பதும், அசையாமல் ஓரிடத்தில் அமர்ந்திருப்பதும், குறிப்புகளை உணர மனம் மிகுதியாக முயல்வதும் களைப்பை உண்டாக்குகின்றன என்று பேராசிரியர் ஜெரமி பெய்லன்சன் 2021-இல் எழுதினார். அடுத்த ஆண்டில் வெளியான வேறோர் ஆய்வு, எறிந்து விளையாடும் தட்டு ஒன்றை எவ்வெவ்வாறு புதுமையாகப் பயன்படுத்தலாம் என்று இருவர் இருவராக எண்ணிக் கூறச் செய்தது. ஓரறையில் இருந்தவரைவிடத் திரைவழிப் பேசியவர் குறைவான எண்ணங்களையே கூறினர். அறையில் இருந்தவர் கண்கள் சுவரிலும் செடியிலும் சென்று மீண்டன. மற்றவர் கண்கள் திரையை விட்டு அகலவில்லை. ஆனால், கூறியவற்றுள் சிறந்ததைத் தேர்ந்தெடுப்பதில் திரைவழிப் பேசியவர் குறைந்தவர் அல்லர். தேர்வதற்குத் திரை போதும். புதிதாகக் காண்பதற்கே அறை வேண்டும் போலும்.

நோயின் வேகம் தணிந்தபின் நிறுவனங்கள் பணியாளரைத் திரும்ப அழைத்தன. 2025-ஆம் ஆண்டிற்குள், எந்நேரத்திலும் நூற்றுக்கு 25 பேர் அலுவலகத்தில் இருந்தாற் போதும் என்று 2020-இல் அறிவித்த டாட்டா கன்சல்டன்சி நிறுவனம், 2023 அக்டோபர் முதல் வாரத்தில் ஐந்து நாளும் வருமாறு பணித்தது. காணொலிக் கூட்டங்களால் உலகப் புகழ் பெற்ற ஜூம் நிறுவனமே, அலுவலகத்தின் அருகில் வாழும் தன் பணியாளரை வாரம் இரு நாளேனும் நேரில் வருமாறு 2023-இல் கூறியது நகைப்பிற்கு உரியதாயிற்று; ஆழ்ந்து நோக்கின் அதில் நகைக்க ஏதுமில்லை.

அழைத்துவிட்டால் மட்டும் குழுவுணர்வு திரும்பிவிடுமா? ஒருவர் திங்களன்று வருகின்றார். அவருடைய தோழர் வியாழனன்று வருகின்றார். திங்களன்று வந்தவர் இரண்டு மணி நேரம் பேருந்தில் நின்று வந்து, காதிற் கருவியை மாட்டிக்கொண்டு, வீட்டில் இருக்கும் தோழரோடு திரைவழிப் பேசிவிட்டு மாலையில் மீள்கின்றார். இப்பயணத்தால் அவர் பெற்றது கால்வலி ஒன்றே. ஒரு குழுவினர் அனைவரும் ஒரே நாளில் வருதல் வேண்டும். அந்நாளைக் கற்பிப்பதற்கும் கலந்து எண்ணுவதற்கும் ஒதுக்குதல் வேண்டும். தனித்துச் செய்யும் வேலையை வீட்டு நாளுக்கு விடுதல் வேண்டும். பிறந்தநாள் அப்பமும் விளையாட்டுப் போட்டியும் தீங்கற்றவை. ஆனால் புதியவனுக்கு அருகில் ஒரு மூத்தவரை அமர்த்துவதற்கு அவை ஈடாகா.

அலுவலகமே இல்லாமல் நடக்கும் நிறுவனங்களும் உள்ளன. கிட்லாப் என்னும் மென்பொருள் நிறுவனத்தின் பணியாளர் பல நாடுகளில் சிதறி வாழ்கின்றனர். வாய்மொழியாகப் பரவும் வழக்கங்களையெல்லாம் அவர்கள் எழுத்தில் வடித்து, எவரும் படிக்கும் வண்ணம் பெரியதொரு கையேடாக வெளியிட்டுள்ளனர். முகம் செய்யும் வேலையை அங்கே எழுத்து செய்கின்றது. வேறொரு வழியைத் தென்காசிப் பகுதியில் காணலாம். சோஹோ நிறுவனம் 2011-ஆம் ஆண்டிலேயே அங்கே பணியகம் தொடங்கியது. அதன் நிறுவனருள் ஒருவரான ஸ்ரீதர் வேம்பு 2019-இல் அருகிலுள்ள மத்தளம்பாறையிற் குடியேறினார். தொற்றுக் காலத்தில் ஊர் திரும்பிய பணியாளர்க்காகச் சிறு நகரங்களில் சிறிய அலுவலகங்களை அந்நிறுவனம் திறந்தது. பெருநகருக்கும் செல்லாமல், வீட்டிலும் தனித்திராமல், சொந்த ஊரின் அருகே சிலரோடு ஒரு கூரையின் கீழ் அமர அது வழிசெய்தது.

ஷாங்காய் நிறுவனம், ட்ரிப்.காம் என்னும் புதிய பெயரோடு, 2021-ஆம் ஆண்டில் மீண்டும் ஒரு சோதனை நடத்தியது. இம்முறை தொலைபேசிப் பணியாளர் அல்லர். பொறியாளர், விற்பனைத் துறையினர், நிதித் துறையினர் என 1,612 பேர். பாதிப்பேர் ஐந்து நாளும் அலுவலகம் வந்தனர். மற்றவர் புதனும் வெள்ளியும் வீட்டிலிருந்து பணிபுரியலாம். ஏனைய மூன்று நாளும் நேரில் வந்தாக வேண்டும். ஆறு மாதங்கள் சென்றன. வேலையின் தரத்திலும் பதவி உயர்விலும் இரு சாராரிடையே வேறுபாடு காணப்படவில்லை. பணியைத் துறப்போர் மட்டும் மூன்றில் ஒரு பங்கு குறைந்தனர். பெண்களிடத்தும், நெடுந்தொலைவிலிருந்து வருவோரிடத்தும் அப்பயன் மிகுதியாக இருந்தது. சோதனைக்கு முன், இம்முறையால் வேலை நூற்றுக்கு 2.6 பங்கு குறையும் என்பது மேலாளரின் சராசரி மதிப்பாக இருந்தது. சோதனை முடிந்தபின் அவர்களையே மீண்டும் கேட்டனர். வேலை 1 பங்கு மிகுந்திருக்கும் என்று விடை வந்தது. நிறுவனம் புதனையும் வெள்ளியையும் எல்லோர்க்கும் வீட்டு நாள்களாக்கியது.